முகம் திருப்பலாகாது



திருக்குர்ஆனின் 80-வது அத்தியாயமாகிய 'அபஸ' சூராவை நம்மில் அனேகர் சிறுவயதில் மக்தபிலேயே மனனம் செய்திருப்போம். அம்ம ஜுஸ்உவை ஓதிய பிள்ளை எதுவும் அதை ஓதாமல் தாண்டியிருக்காது. ஆனால் அது எதற்காக இறங்கியது, யாருக்காக இறங்கியது என்பதை அந்த வயதில் நமக்குச் சொல்லித் தந்தவர்கள் குறைவு. பெரியவர்களான பின்பு நாமாகத் தேடிப் படித்தவர்கள் அதனினும் குறைவு.

மக்காவில் ஒரு நாள் குறைஷித் தலைவர்கள் சிலருக்கு அருமை நாயகம் (ஸல்) அவர்கள் தீனை எடுத்துரைத்துக் கொண்டிருந்தார்கள். அத்தலைவர்கள் இஸ்லாத்திற்கு வந்தால் அவர்களைத் தொடர்ந்து ஊரே வரும் என்ற பேராவல் நாயகத்தின் உள்ளத்தில் இருந்தது. அவ்வேளையில் கண்பார்வையற்ற ஸஹாபியாகிய அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் அங்கு வந்து, "அல்லாஹ் தங்களுக்குக் கற்றுத் தந்ததிலிருந்து எனக்கும் கற்றுத் தாருங்கள்" என்ற கருத்தில் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். பேச்சு இடையில் முறிந்தது. நாயகம் (ஸல்) அவர்களின் திருமுகம் சற்றே சுருங்கி, மறுபக்கம் திரும்பியது. உடனே வஹீ இறங்கிற்று. தூய்மையடைய விரும்பி ஓடோடி வந்தவரை விட்டுவிட்டு, தேவையற்றவனைப் போல் நடந்துகொள்பவன் பக்கம் கவனம் செலுத்துவதா என்று அல்லாஹு தஆலா தன் ஹபீபையே கேட்டான்.

நபிமார்கள் பாவங்களை விட்டும் பாதுகாக்கப்பட்டவர்கள் என்பது நம் அகீதா. இரண்டு நன்மைகளில் மேலானது ஒன்றிருக்க அடுத்ததை எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவே என்று விரிவுரையாளர்கள் விளக்கம் தருவர். அதற்கே இத்தனை கண்டிப்பு என்றால், ஒரு சாதாரண சோம்பலுக்காகவும் சில்லறை மரியாதைக்காகவும் முகத்தைத் திருப்பிக்கொள்கிற நம் நிலை யாது?

இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களுக்குக் கண் தெரியாது. முகம் சுருங்கியதை அவர்கள் பார்த்திருக்க முடியாது. வஹீ இறங்காதிருந்தால் தமக்கு இப்படி ஒன்று நேர்ந்ததே அவர்களுக்குத் தெரிய வந்திருக்காது. அவர்கள் மனம் புண்பட்டதாகவோ, முறையிட்டதாகவோ எந்த அறிவிப்பும் இல்லை. இருந்தும் அல்லாஹ் அதைக் கேட்டான். ஆகவே, ஊனமுற்ற ஒருவருக்கு ஒரு ஹக்கு தவறிப் போனால் அவர் அதை அறிந்தாரா, அழுதாரா, புகார் கொடுத்தாரா என்பது கணக்கே இல்லை. ஹக்கு ஹக்குத்தான். இன்னொன்றும் கவனியுங்கள்: அவர்கள் வந்து கேட்டது காசன்று, உணவன்று, கல்வியைக் கேட்டார்கள். தலைவர்களுக்குக் கிடைக்கிற அதே கல்வியை, அதே சபையில், அதே நேரத்தில் கேட்டார்கள்.

அதற்குப் பின் நடந்தவைதான் இன்னும் சிறப்பு. அவர்கள் வரும்போதெல்லாம் நாயகம் (ஸல்) அவர்கள் வரவேற்றுக் கண்ணியப்படுத்தினார்கள் என்று தப்ஸீர்களில் காண்கிறோம். மதீனாவில் பிலால் (ரலி) அவர்களுடன் இவர்களையும் முஅத்தினாக நியமித்தார்கள். தாம் வெளியூர் செல்லும்போது மதீனாவுக்குத் தம் பிரதிநிதியாக இவர்களை விட்டுச் சென்றதும் உண்டு. பிற்காலத்தில் காதிஸிய்யா போரில் கவசமணிந்து கொடி பிடித்து நின்றதாகவும் வரலாறு சொல்கிறது.

முஅத்தின் பதவியைப் பற்றி ஒரு வார்த்தை. ரமலானில் பிலால் (ரலி) அவர்கள் இரவு இருக்கும்போதே பாங்கு சொல்வார்கள். இப்னு உம்மி மக்தூமின் பாங்கு கேட்கும் வரை உண்ணலாம், பருகலாம் என்பது நாயகத்தின் உத்தரவு. ஸஹீஹுல் புகாரியில் இது வருகிறது. சுபுஹு வெளுத்ததைக் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டிய பாங்கு அது. ஊர் முழுவதின் நோன்பும் அதில் தொங்குகிறது. அந்தப் பாங்கைக் கண் தெரியாதவரிடம் கொடுத்தார்கள்! எப்படி நடந்தது? "விடிந்துவிட்டது, விடிந்துவிட்டது" என்று மக்கள் அவர்களுக்குச் சொல்வார்கள். பிறகு அவர்கள் பாங்கு சொல்வார்கள். குரலும் அமானிதமும் அவர்களுடையவை. பார்வையை மட்டும் ஜமாஅத்தார் இரவல் கொடுத்தார்கள். இன்று உலக நாடுகள் ஊனமுற்றோர் சட்டங்களில் 'நியாயமான வசதி செய்து தருதல்' என்று எழுதி வைத்திருக்கிற விஷயம் மதீனாவில் தினந்தோறும் பஜ்ருக்கு முன் நடந்தது.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. பூகம்பம், வெள்ளம், போர் என்று உலகில் எங்கு முஸீபத்து வந்தாலும் நம் மக்கள் கையைச் சுருக்குவதில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஜும்ஆவில் துண்டு விரித்தால் நிறைகிறது. வளைகுடாவிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் நம் பிள்ளைகள் அங்குள்ள நிவாரண நிதிகளுக்குத் தாராளமாகத் தருகிறார்கள். பெரும் அரசாங்கங்கள் ஏழை நாடுகளுக்கு வளர்ச்சி உதவி என்று தருவது தனிக் கணக்கு. இத்தனையும் போய்ச் சேருமிடத்தில் ஊனமுற்றவர் கைக்கு என்ன வருகிறது என்று நாம் கேட்டதுண்டா?

2011-ல் உலக சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. உலக மக்களில் சுமார் 15 சதவிகிதம் பேர், அதாவது ஏறத்தாழ 100 கோடிப் பேர் ஏதேனுமொரு ஊனத்துடன் வாழ்கிறார்கள் என்று அதில் கணக்கிட்டார்கள். 2022-ல் அதே சுகாதார நிறுவனம் 130 கோடி என்றது. ஆறு பேரில் ஒருவர்! நிவாரண முகாமின் வரிசையில் ஆறில் ஒருவரா நிற்கிறார்? நிற்கமாட்டார். வரிசையில் மூன்று மணி நேரம் நிற்க முடிந்தவருக்கே மூட்டை கிடைக்கிறது. ஒலிபெருக்கியில் அறிவித்தால் காது கேளாதவருக்குத் தெரியாது. நோட்டீஸ் ஒட்டினால் பார்வையற்றவருக்குத் தெரியாது. மூட்டை 25 கிலோ என்றால் ஊன்றுகோலில் நடப்பவர் அதை எப்படித் தூக்குவார்? முகாமில் குழி தோண்டிக் கழிப்பிடம் அமைத்து, சாக்கைத் திரையாகக் கட்டிவிட்டால் காலில்லாதவர் அங்கே எப்படி அமர்வார்? இதனால் பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொள்கிற பெண்கள் இருக்கிறார்கள். யாரும் அவர்களை விரட்டவில்லை, யாரும் திட்டவில்லை. அவர்கள் இருப்பதை யோசிக்காமலே திட்டம் போட்டார்கள், அவ்வளவுதான். முகம் திருப்புதல் என்பது பல நேரங்களில் இப்படித்தான் நடக்கிறது. திருப்பியவருக்கே அது தெரிவதில்லை.

2000-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபையின் முயற்சியில் உலக வறுமையை ஒழிக்க எட்டு இலட்சியங்கள் வகுக்கப்பட்டன. பதினைந்து ஆண்டுகள் உலகின் உதவிப் பணமெல்லாம் அவற்றை நோக்கியே ஓடிற்று. அந்த எட்டிலும் அவற்றின் இலக்குகளிலும் ஊனமுற்றோர் என்ற சொல்லே இடம்பெறவில்லை. ஏழைகளிலும் ஏழைகளை மறந்து வறுமை ஒழிப்பா! 2015-ல் வகுத்த பதினேழு இலட்சியங்களில்தான் கல்வி, வேலை, போக்குவரத்து முதலிய இடங்களில் அவர்கள் பெயர் ஏறியது.

இடையில் 2006 டிசம்பர் 13-ல் ஊனமுற்றோர் உரிமைகளுக்கான உடன்படிக்கையை ஐ.நா. பொதுச்சபை ஏற்றது. அதன் 11-வது பிரிவு, போரிலும் பேரிடரிலும் அவர்களைப் பாதுகாப்பது அரசுகளின் கடமை என்கிறது. 32-வது பிரிவு, ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குச் செய்யும் வளர்ச்சி உதவி ஊனமுற்றோரையும் உள்ளடக்கியதாக, அவர்கள் எட்டிப் பிடிக்கக் கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது. இந்தியா 2007-லும், மலேசியா 2010-லும், சிங்கப்பூர் 2013-லும், இலங்கை 2016-லும் இதனை உறுதி செய்தன. ஆப்கானிஸ்தான் 2012-ல் சேர்ந்தது. 2025 ஏப்ரலில் ஜெர்மனியும் ஜோர்தானும் சேர்ந்து பெர்லினில் நடத்திய உலக மாநாட்டில் 'அம்மான்-பெர்லின் பிரகடனம்' வெளிவந்தது. ஒவ்வொரு நாட்டிலும் நடக்கும் வளர்ச்சி உதவித் திட்டங்களில் குறைந்தது 15 சதவிகிதமாவது ஊனமுற்றோரைச் சேர்த்துக்கொள்வதைத் தம் நோக்கங்களில் ஒன்றாக வைக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

"குர்ஆனும் ஹதீஸும் இருக்க, ஐ.நா. காகிதம் நமக்கெதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். நபித்துவத்திற்கு முன் மக்காவில் அநீதியிழைக்கப்பட்டவருக்குத் துணை நிற்பதென்று சில குடும்பத்தார் கூடிச் செய்துகொண்ட 'ஹில்ஃபுல் ஃபுளூல்' உடன்படிக்கையில் நாயகம் (ஸல்) அவர்கள் இளமையில் கலந்துகொண்டார்கள். இஸ்லாம் வந்த பின்பும் அப்படியொன்றுக்கு அழைத்தால் வருவேன் என்றும் கூறினார்கள். அதைச் செய்தவர்கள் முஷ்ரிக்குகள். செய்த காரியம் நீதி. நீதியான காரியம் யாரிடமிருந்து வந்தாலும் அதில் நமக்குப் பங்குண்டு. சொல்லப்போனால் நாமே முன்னால் நின்றிருக்க வேண்டிய காரியம் இது.

ஆப்கானிஸ்தானை எடுத்துக்கொள்வோம். 1979-லிருந்து தொடர்ந்த போர்களில் அந்நாட்டு மண்ணில் கண்ணிவெடிகள் விதைக்கப்பட்டன. விறகு பொறுக்கப் போன பிள்ளை, ஆடு மேய்க்கப் போன முதியவர், வயலுக்குத் திரும்பிய அகதி என்று காலை இழந்தோர் ஏராளம். 1988-ல் சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு காபூலில் செயற்கைக் கால் தயாரிக்கும் நிலையமொன்றைத் திறந்தது. 1990-ல் இத்தாலியிலிருந்து ஆல்பெர்த்தோ கைரோ என்ற இயன்முறை மருத்துவர் அங்கு வந்து சேர்ந்தார். தொடக்கத்தில் வழக்கறிஞராக இருந்து பின்னர் இத்துறைக்கு மாறியவர். வந்தவர் ஊர் திரும்பவில்லை; பல பத்தாண்டுகளை அங்கேயே கழித்தார்.

தொடக்கத்தில் நிலையம் போரில் காயமுற்றவருக்கு மட்டும் என்றிருந்தது. போலியோவால் கால் சூம்பியவர், பிறவியிலேயே பாதம் வளைந்தவர், முதுகுத்தண்டு ஒடிந்தவர் எல்லாம் வாசலில் வந்து நின்றார்கள். வெடியில் போன காலுக்கு ஒரு நியாயம், நோயில் போன காலுக்கு ஒரு நியாயமா என்ற கேள்வி வந்தது. பிறகு கதவு எல்லோருக்கும் திறந்தது. மஸாரே ஷரீஃப், ஹிராத், ஜலாலாபாத் முதலிய ஊர்களிலும் நிலையங்கள் வந்தன. விலை மலிந்த ஒருவகைப் பிளாஸ்டிக்கைக் கொண்டு அங்கேயே, அந்நாட்டவர் கையாலேயே கால் செய்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து விலையுயர்ந்த காலைக் கப்பலில் இறக்கினால், அது உடைந்த அன்று மனிதர் மறுபடி தரையில் தவழ வேண்டியதுதானே!

கைரோ அவர்கள் தாமே சொல்லியுள்ள ஒரு சம்பவம் இருக்கிறது. உள்நாட்டுப் போர் உச்சத்திலிருந்த நாளில், இரண்டு காலும் ஒரு கையும் இல்லாத ஒருவரை அவருடைய சிறு மகன் சக்கர நாற்காலியில் வைத்து, குண்டு விழும் தெருவில் தள்ளிக்கொண்டு போனதைக் கண்டார். அந்த மனிதருக்குக் கால்கள் பொருத்தப்பட்டன. நடக்கத் தெரிந்ததும் அவர் போய்விடவில்லை. "எனக்கு இங்கே வேலை கொடுங்கள்" என்று கேட்டார். ஒற்றைக் கையால் பட்டறையில் என்ன செய்வார் என்று கைரோவுக்கே ஐயம். கொடுத்துப் பார்த்தார். வேலை குறையவில்லை, கூடிற்று! அதிலிருந்து அந்நிலையத்தில் ஒரு வழக்கம் ஏற்பட்டது: ஆள் எடுப்பதென்றால் ஊனமுற்றவருக்கே முதலிடம். இன்று அங்கு கால் செய்பவர், கால் பொருத்துபவர், நடை பழக்குபவர் என்று மிகப் பெரும்பாலோர் தாமே கால் இழந்தோ முடங்கியோ இருந்தவர்கள்தாம்.

புதிதாகக் காலை இழந்து, இனி என் வாழ்வு முடிந்தது என்று சுவரைப் பார்த்துக் கிடக்கும் வாலிபனின் கட்டிலருகே ஒருவர் வருகிறார். ஒரு சொல்லும் சொல்லாமல் தம் கால்சட்டையைச் சற்று உயர்த்திக் காட்டுகிறார். இதைவிடப் பெரிய பயான் எந்த ஆலிமால் செய்ய முடியும்?

கால் கொடுத்ததோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை என்பதும் கவனிக்கத் தக்கது. பிள்ளைகளுக்குப் படிப்பு, பெரியவர்களுக்குத் தொழிற்பயிற்சி, பெட்டிக்கடை வைக்கச் சிறுகடன் என்று தொடர்ந்தார்கள். சக்கர நாற்காலியில் அமர்ந்து கூடைப்பந்து ஆடவும் கற்றுக்கொடுத்தார்கள். விளையாட்டு எதற்கு என்று நமக்குத் தோன்றலாம். உடல் வலுவிழந்தவனுக்கு மற்றவரோடு சேர்ந்து சிரிக்க ஒரு இடம் வேண்டாமா?

பெண்கள் விஷயம் தனி. ஊனமுற்ற ஆணைவிட ஊனமுற்ற பெண் இரண்டு மடங்கு பின்னால் நிற்கிறாள். அவளுக்குக் கால் அளவெடுக்கவும் நடை பழக்கவும் பெண்ணே வேண்டும். 2022 டிசம்பரில் அந்நாட்டு ஆட்சியாளர்கள் பெண்கள் தொண்டு நிறுவனங்களில் வேலை செய்யத் தடை போட்டார்கள். மருத்துவத் துறைக்குப் பின்னர் சற்றுத் தளர்வு கிடைத்தாலும், பல இடங்களில் வீடு வீடாகச் சென்று விதவைகளையும் முடங்கிக் கிடப்போரையும் கணக்கெடுத்து வந்த பெண் ஊழியர்கள் வீட்டோடு இருக்க நேர்ந்தது. அன்னிய ஆண் வீட்டுக்குள் போக முடியாது, பெண் வெளியே வர முடியாது என்றால் உள்ளே படுத்திருப்பவளை யார் பார்ப்பது? கந்தக் போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களைப் பள்ளிவாசலில் ருஃபைதா (ரலி) என்ற பெண்மணியின் கூடாரத்திலன்றோ நாயகம் (ஸல்) அவர்கள் வைத்துப் பராமரிக்கச் செய்தார்கள்! ஷரீஅத்தின் பெயரால் செய்யப்படும் காரியம் ஷரீஅத் காத்த உயிரைக் கைவிடுமானால் அதைத் தவறு என்று சொல்ல ஆலிம்களுக்கு நா எழ வேண்டும்.

நம் முன்னோரின் ஆட்சியில் இது எப்படியிருந்தது என்பதற்கு இரண்டு சான்றுகள் போதும். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஒரு வாசலில் பார்வையற்ற முதியவர் ஒருவர் யாசிப்பதைக் கண்டார்கள். விசாரித்தால் அவர் யூதர். ஜிஸ்யா வரியும் வறுமையும் முதுமையும் என்னை இங்கு கொண்டுவந்தன என்றார். கலீஃபா அவரைக் கைப்பிடித்துத் தம் வீட்டிற்கு அழைத்துச் சென்று கையிலிருந்ததைக் கொடுத்தார்கள். பிறகு பைத்துல் மால் பொறுப்பாளரை அழைத்து, இவரையும் இவர் போன்றவரையும் கவனியுங்கள், இவருடைய இளமையை நாம் உண்டுவிட்டு முதுமையில் கைவிடுவது நீதியாகாது என்ற கருத்தில் உத்தரவிட்டார்கள். அத்தகையோருக்கு வரியையும் நீக்கினார்கள். இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள் 'கிதாபுல் கராஜ்' என்ற நூலில் இதைப் பதிவு செய்துள்ளார்கள். 'இவர் போன்றவர்' என்ற சொல்லைப் பாருங்கள். ஒருவருக்குக் கொடுத்த காசோடு காரியம் முடியவில்லை. வகுப்பு முழுவதற்கும் சட்டமாயிற்று. அதிலும் கேட்டவர் முஸ்லிமல்லர்.

உமையாக்களில் வலீத் இப்னு அப்துல் மலிக் கி.பி. 705 முதல் 715 வரை ஆண்டவர். ஹஜ்ஜாஜை ஆளுநராக வைத்திருந்தவர் என்பதால் அவர் பெயரை மகிழ்ச்சியோடு சொல்வோர் அரிது. எனினும் குஷ்டரோகிகளுக்கு மானியம் கொடுத்து யாசிக்க வேண்டாம் என்றும், நடக்க முடியாத ஒவ்வொருவருக்கும் ஓர் ஊழியரையும் பார்வையற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு வழித்துணையையும் அரசாங்கச் செலவில் தந்தார் என்றும் வரலாற்றாசிரியர் தபரீ எழுதுகிறார். செய்த நன்மையை மறைப்பது நமக்கு அழகன்று.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். தூரத்து நாட்டு அகதியைப் பற்றிப் பேசும்போது கலங்கும் கண், நம் அடுத்த அறையில் இருக்கும் பிள்ளையைப் பார்க்க மறுக்கிறது. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் கை கால் வராத தங்கையை அன்றைக்கு மாமி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். "அவள் இருந்தால் சம்பந்தம் கூடாது" என்பது காரணம். வலீமாப் பந்தியில் வாய் கோணிய பிள்ளைக்கு இடமில்லை. உள்ளே தட்டில் கொடுத்துவிடுவார்கள். மதரஸாவுக்கு அனுப்புவதில்லை, "அதுக்கு என்ன விளங்கப் போகுது" என்று விட்டுவிடுவார்கள். பெருநாளன்று புத்தாடை உண்டு, ஈத்கா கிடையாது.

ஸூரத்துந் நூரின் 61-வது வசனம் பார்வையற்றவர், கால் ஊனமுற்றவர், நோயாளி ஆகியோரை முன்னிறுத்தி, உணவருந்தும் விஷயத்தைப் பேசுகிறது. அது இறங்கிய காரணத்தைப் பற்றி விரிவுரையாளர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கம் தருகிறார்கள். அறியாமைக் காலத்தில் அருவருப்பாலும் பெருமையாலும் அவர்களோடு சேர்ந்துண்ண மறுத்தார்கள் என்பது ஒன்று. மற்றொன்று நேர்மாறானது: பார்வையற்றவருக்கு நல்ல துண்டு எங்கிருக்கிறது என்று தெரியாதே, கால் ஊனமுற்றவருக்கு நெருக்கியடித்து அமர முடியாதே, நோயாளியால் நம் வேகத்தில் உண்ண முடியாதே, அவர்கள் பங்கை நாம் தின்றுவிடுவோமோ என்று பயந்து பேணுதலின் பெயரால் ஒதுங்கினார்கள் என்பது. அருவருத்து ஒதுக்கினாலும் இரக்கப்பட்டு ஒதுக்கினாலும் ஒதுக்கப்பட்டவருக்கு விளைவு ஒன்றுதான். ஒரே வசனத்தில் இரு கதவுகளையும் அல்லாஹ் மூடிவிட்டான். "பாவம், அவரை ஏன் அலைக்கழிக்க வேண்டும், வீட்டுக்கே அனுப்பிவிடலாம்" என்று நாம் சொல்லும் நல்ல வார்த்தைக்குள்ளும் இந்த இரண்டாவது வகை ஒளிந்திருக்கிறது.

இப்போதெல்லாம் 'மாற்றுத்திறனாளி' என்று அழகாகச் சொல்கிறோம். நல்லதே. பலகையில் பெயரை மாற்றிவிட்டு, பலகைக்குக் கீழுள்ள எட்டுப் படிகளை அப்படியே விட்டிருந்தால் அவர் எந்தத் திறனைக் கொண்டு ஏறுவார் என்றுதான் தெரியவில்லை.

ஜகாத் விஷயமாக அடிக்கடி கேட்கப்படுவதால் இதையும் எழுதிவிடுகிறேன். ஸூரத்துத் தவ்பாவின் 60-வது வசனம் ஜகாத் பெறுவோரை எட்டு வகையினராக எண்ணுகிறது. அதில் ஊனமுற்றோர் என்று ஒரு வகை இல்லை. ஃபகீர், மிஸ்கீன் என்று உண்டு. வசதியுள்ள ஊனமுற்றவர் ஜகாத் வாங்கமாட்டார், கொடுப்பார். ஊனம் என்றாலே கையேந்துதல் என்று தீன் நினைக்கவில்லை, நாம்தான் நினைத்துக்கொண்டோம். ஏழையான ஊனமுற்றவருக்குச் சக்கர நாற்காலியோ செயற்கைக் காலோ காது கேட்கும் கருவியோ ஜகாத்தில் வாங்கித் தரலாமா என்றால், ஹனஃபி மத்ஹபின்படி அப்பொருள் அவருக்கே சொந்தமாகக் கொடுக்கப்பட வேண்டும். ஜமாஅத் அலுவலகத்தில் வைத்து இரவல் தருவது ஜகாத்தாகாது. அதற்கு ஸதகாப் பணத்தை எடுங்கள். அதுபோலப் பள்ளிவாசல் வாசலில் சாய்தளம் கட்டவும் ஜகாத்தை எடுக்கக் கூடாது, பொது நன்கொடைதான்.

ஷாஃபிஈ மத்ஹபில் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் எழுதுவது இன்னும் விரிவானது. தொழில் தெரிந்த ஏழைக்கு அவர் தொழிலுக்கான கருவியை வாங்குமளவு, அதன் விலை எவ்வளவானாலும், ஜகாத்திலிருந்து கொடுக்கலாம் என்கிறார்கள். ரமலானில் ஐநூறு ரூபாய் வீதம் நூறு பேருக்கு எறிந்துவிட்டு அடுத்த ரமலானில் அதே நூறு பேரை அதே வாசலில் காண்பதைவிட, காலில்லாத ஒரு தையற்காரருக்குக் கையால் இயக்கும் வகையில் ஒரு மெஷினைக் கொடுத்து அவரையும் ஜகாத் கொடுப்பவராக்குவது மேல் என்பது என் கருத்து.

கொடுக்கும்போது ஒரு கோரிக்கை. சக்கர நாற்காலியில் அவரை அமர வைத்து, பின்னால் நிர்வாகிகள் பதினொரு பேர் நின்று, பேனர் கட்டிப் படம் பிடிக்காதீர்கள். சொல்லிக்காட்டியும் மனத்தைப் புண்படுத்தியும் ஸதகாவைப் பாழாக்கிக்கொள்ள வேண்டாம் என்று அல்பகரா சூரா எச்சரிக்கிறது. அந்தப் படம் ஊரெல்லாம் செல்போனில் சுற்றும். அவர் மகள் வகுப்பில் உடன்படிக்கும் பிள்ளைகளும் பார்ப்பார்கள். கொடுத்த நாற்காலியின் விலையைவிட அந்தப் படத்திற்கு அவர் கொடுத்த விலை அதிகம்.

வெளிநாட்டு நிவாரணத்திற்குப் பணம் அனுப்புகிற சகோதரர்கள் அந்நிறுவனத்திடம் கேளுங்கள்: உங்கள் முகாமில் முடங்கிக் கிடப்பவருக்கு உணவு எப்படிப் போகிறது? கழிப்பிடத்தில் கைப்பிடி இருக்கிறதா? அறிவிப்பு காது கேளாதவரை எட்டுகிறதா? உங்கள் ஊழியர்களில் ஊனமுற்றவர் எத்தனை பேர்? திட்டம் போடும்போது அவர்களைக் கேட்டீர்களா? பதில் வராவிட்டால் திரும்பக் கேளுங்கள். பணம் கொடுத்தவனுக்குக் கேட்கும் கடமை உண்டு. நம் பலவீனர்களைக் கொண்டே நமக்கு உதவியும் ரிஸ்கும் கிடைக்கின்றன என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னது புகாரியில் வருகிறதே! அப்படியானால் வரிசையின் கடைசியில் நிற்பவரால்தான் முதலில் நிற்பவருக்கே சோறு.

மதரஸாவில் ஓதும் பிள்ளைகள் கேட்கிற ஒரு கேள்வி உண்டு. பள்ளிக்கு அழைத்து வர ஆளில்லை, வீட்டில் தொழுதுகொள்ளலாமா என்று கேட்ட பார்வையற்ற ஒருவரிடம், பாங்கு கேட்கிறதா என்று விசாரித்து, அப்படியானால் வாருங்கள் என்றார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். அவர் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களே என்று அறிவிப்புகள் உண்டு. பார்வை மங்கிய இத்பான் இப்னு மாலிக் (ரலி) அவர்களுக்கோ வீட்டில் தொழ இசைவு கிடைத்தது. ஒரே குறைக்கு இரு பதில்கள் ஏன்? உலமாக்கள் பல விளக்கங்கள் தந்துள்ளார்கள். எனக்கு அதில் தெரிவது, நாயகம் (ஸல்) அவர்கள் ஊனத்தைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை, ஆளைப் பார்த்துச் சொன்னார்கள் என்பதே. முந்தியவர் முஅத்தினாக நின்றவர். அவருடைய இடம் பள்ளிவாசல். இத்பான் (ரலி) அவர்களின் வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே ஓர் ஓடை இருந்தது. மழை பெய்தால் அது பெருக்கெடுத்து ஓடும், கடக்க முடியாது.

தாங்கள் என் வீட்டுக்கு வந்து ஓரிடத்தில் தொழுதால் அவ்விடத்தையே என் தொழுமிடமாக்கிக்கொள்வேன் என்று இத்பான் (ரலி) அவர்கள் வேண்டினார்கள். இன்ஷா அல்லாஹ் வருகிறேன் என்றார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். மறுநாள் வெயில் ஏறும் நேரத்தில் அபூபக்ர் (ரலி) அவர்களையும் அழைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அனுமதி கேட்டு உள்ளே நுழைந்தார்கள். உட்காருவதற்கு முன்னரே, உங்கள் வீட்டில் எந்த இடத்தில் நான் தொழ வேண்டுமென்று விரும்புகிறீர்கள் என்று கேட்டார்கள். இத்பான் (ரலி) அவர்கள் வீட்டின் ஒரு மூலையைக் காட்டினார்கள். அங்கேயே நின்று தக்பீர் கட்டினார்கள். வீட்டார் பின்னால் ஸஃப் நின்றார்கள். தொழுது முடித்ததும் அவர்களுக்கென்று சமைத்து வைத்திருந்த இறைச்சிக் கஞ்சியை உண்ணச் சொல்லி நிறுத்திக்கொண்டார்கள்.